செம்பட்டை முடியும் ஒரு பொய் வேண்டுதலும்

மூன்று வருடங்களுக்கு முன், மலேசியாவில் லுக்குட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தபோது இது நடந்தது. இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்குக் குளியலறையில் உட்கார்ந்து அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

நான் அந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்தபோது இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல் எனக்கு. ‘முடிக்காரி’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பன்னிரண்டு வருடம் அந்தப் பெயர் என்னிடமே இருந்தது. பிறகு என் கொழுந்தனாருக்குச் சிரம்பானில் பெண் எடுத்தார்கள். தோள் வரைக்கும் வெட்டிய முடி, வெயில் பட்டால் மின்னுகிற பழுப்பு நிறம். அவள் வந்த முதல் தீபாவளியிலேயே தோட்டத்துப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கல்லை விட என் வயிறுதான் அதிகமாக எரிந்தது. அன்றிலிருந்து அவள் முடியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து அவளும் வருகிறாள் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் லுக்குட்டில் ஒரு சலூனுக்குப் போய், கைப்பேசியில் அவள் படத்தைக் காட்டி, இதே நிறம் வேண்டும் என்றேன். சலூன் பெண் என் தலையைப் பார்த்துவிட்டு, இதற்கு முன் டை போட்டிருக்கிறீர்களா என்று இரண்டு முறை கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். உண்மையில் நாலு வருடமாக, வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல், பாக்கெட் கருப்பு டை போட்டு நரையை மறைத்து வந்தேன். முடிக்காரி நரைத்துவிட்டாள் என்று ஊர் பேசக்கூடாதல்லவா?

கழுவித் துடைத்துக் கண்ணாடியைக் காட்டினாள். நெற்றியோரம் ஆரஞ்சு, நடுவில் பட்டை பட்டையாகச் செம்பட்டை, கீழே அதே பழைய கருப்பு. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்பார்களே, அதே கோலத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம். பழைய டை மேல் புது நிறம் சீராகப் பிடிக்காது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நாளைக்கு வாருங்கள், சரிசெய்து பார்க்கலாம், அதற்குள் அந்தப் பாக்கெட் டையை மட்டும் தொடாதீர்கள் என்றாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட இடத்துக்கு மறுபடி போக எனக்கு முகமில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாளும் துண்டு அவிழவில்லை. மாமியார் சும்மா இருப்பாரா?

“ஏம்மா, ரெண்டு நாளா துண்டும் தலையுமா இருக்க? என்னா ஆச்சு?”

“மாரியம்மாவுக்கு முடி எறக்கப் போறேன் அத்தை. அதுவரைக்கும் யார் கண்ணுலயும் காட்டக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.”

எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அப்போதைக்குத் தப்பித்தால் போதும் என்றிருந்தது. மாமியாருக்கோ கண் கலங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோயிலில் மொட்டையடிக்க வரும் ஆளிடமும் சொல்லியாகிவிட்டது. அம்மன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்ன பயம் ஒரு பக்கம், என் பின்னல் போகப் போகிறதே என்ற பதற்றம் இன்னொரு பக்கம்.

திருவிழாவுக்கு முந்திய நாள் கொழுந்தனார் மனைவி வந்தாள். மாமியார் கோயிலுக்குக் காய்கறி நறுக்கப் போயிருந்தார். அவள் நேராக என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“அவ்ளோ முடியையும் எறக்குற அளவுக்கு என்னா கஷ்டம்கா? எங்கிட்ட சொல்லுங்க லா.”

அதற்கு மேல் தாங்க முடியாமல் துண்டை அவிழ்த்தேன். சிரிக்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் சிரிக்கவில்லை. முடியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முன்னாடி கருப்பு போட்டீங்கதானே என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லுக்குட்டுக்குப் போய் மூன்று டப்பா கரும்பழுப்புச் சாயம் வாங்கி வந்தாள். முதலில் ஒரு சின்னக் கொத்தில் தடவிப் பார்த்தாள். அது ஒழுங்காக வந்த பிறகுதான், ஐஸ்கிரீம் டப்பாவில் மொத்தத்தையும் கலக்கி, பழைய பல்துலக்கியால் வகிடு வகிடாகப் பூசினாள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் முன்னால் குனிந்து தன் வகிட்டைப் பிரித்துக் காட்டினாள். ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இருபது வயசுலேயே நரைச்சிருச்சுக்கா. கருப்பு போட்டா பத்து நாள்ல வெள்ளைக் கோடு தெரியுது, பழுப்புன்னா கொஞ்சம் மறையுது. வீட்டுல எல்லாருக்கும் தெரியுமே. நீங்கதான் எங்கிட்ட உட்கார்ந்து பேசுனதே இல்ல.”

சாயம் கண்ணில் பட்டதுபோல் துடைத்துக்கொண்டேன்.

கழுவிய பிறகு முடி ஒரே நிறத்துக்கு வந்துவிட்டது. வேண்டுதல் மட்டும் பாக்கி. மாமியாரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம், “பொய்யா சொன்னாலும் அம்மா காதுல விழுந்திருச்சு. பூமுடியாவது குடு,” என்றார். மறுநாள் கோயிலில் மூன்று கொத்து முடியை மட்டும் வெட்டிக் காணிக்கை கொடுத்தேன். வெட்டும்போது என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

இப்போது ஒருத்தி தலைக்கு ஒருத்தி சாயம் பூசிவிடுகிறோம். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இன்னொரு பொய் சொல்லி அம்மனிடம் மாட்டிக்கொள்ள நான் தயாரில்லை. தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தியின் முன்னால் குனிந்து தன் நரையைக் காட்ட அவளுக்கு மனசு வந்ததே, அந்த மனசு மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.