எரியாத குச்சி எங்கே இருக்கும்?

போன மாசம் என் தீப்பெட்டி ஆபீசில் ஒரு குச்சியை உரசினேன். ஜோராக எரிந்தது. வினையே அங்கேதான் ஆரம்பம்!

நான் அஞ்சாம் கிளாசைத் தாண்டாதவன். ஆனாலும் கோவில்பட்டியில் இறங்கி என் பெயரைச் சொன்னால் போதும், குதிரை வண்டிக்காரர் நேரே என் ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து விடுவார். எல்லாம் சொந்த முயற்சி... சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

என் மச்சினர் நேர் எதிர். மெட்ராஸ் காலேஜில் தத்துவப் பேராசிரியர். மனசு என்றால் என்ன, விஞ்ஞானம் உண்மையை எப்படிக் கண்டுபிடிக்கிறது, நாம் பார்க்கும் உலகம் நிஜந்தானா — இதையே வருஷக்கணக்காக ஆராய்கிறார். 'இது சோறு போடுமா?' என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நானும்தான் கேட்டேன்.

லீவில் வந்தவர் குடோனுக்குள் நின்றுகொண்டிருந்தார். வெளியே அடைமழை. வாசலில் நாக்பூர் லாரி. போன லோடு நமுத்துப்போய், 'இன்னொரு தடவை இப்படி வந்தால் நம் உறவு முடிந்தது' என்று அங்கத்து வியாபாரி டிரங்கால் போட்டுச் சொல்லியிருந்தார். அதனால்தான் நானே சோதித்தேன். வாசல் பக்கத்து அடுக்கில், கைக்கு எட்டிய பண்டல்... குச்சி எரிந்தது.

"ஏத்துலே லோடை!" என்றேன் போர்மேன் சண்முகத்திடம்.

"அத்தான், நில்லுங்க. எரியும்னு தெரிஞ்ச எடத்துலதான கைய வச்சீங்க?" என்றார் மச்சினர்.

"எரிஞ்சத நீயும்தான பாத்த மாப்ள? பெறகென்ன?"

"எரியாத குச்சி இருந்தா எங்கன இருக்கும்? அங்கன போய் எடுங்க."

சண்முகம் சிரித்துவிட்டான். "மொதலாளி, சார் அடுத்தாப்புல குச்சிக்கு மனசு இருக்கான்னு கேப்பாவ!"

"குச்சிக்கு இல்ல சண்முகம், ஒங்க மொதலாளிக்கு இருக்கு. மனசு பிடிச்ச எடத்துலதான் கைய வைக்கும். சயின்ஸ் பிடிக்காத எடத்துல கைய வைக்கச் சொல்லும். நிசம் என்னன்னு அப்பந்தான் தெரியும். எம் படிப்பே அம்புட்டுதான்."

மழைக்கு ஓதம் ஏறும் பின்சுவர் ஓரம், அடி வரிசை. பண்டல்களை நகர்த்தி அவரே ஒரு பெட்டியை உருவிக் கொடுத்தார். உரசினேன். மருந்து சோற்றுப்பருக்கை மாதிரி நசுங்கியது. அடுத்ததும் அப்படியே. சண்முகத்தின் சிரிப்பு நின்றது.

பின்வரிசை முழுவதையும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அனுப்பினோம். நாக்பூரிலிருந்து மறுபடியும் டிரங்கால்... இந்தத் தடவை அடுத்த ஆர்டருக்கு!

யோசித்துப் பாருங்கள். பெண்ணுக்கு வரன் விசாரிக்கிறோம். யாரிடம்? மாப்பிள்ளை வீட்டார் கை காட்டும் ஆளிடம்! அவர் வேறென்ன சொல்வார்?

இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வத்திக்குச்சியில் எனக்கு விளங்கவைத்தார் பாருங்கள், அவர் பேராசிரியர்!

தத்துவம் சோறு போடுமா என்று இனி யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள் — என் வீட்டில் சாப்பாடு போட்டே பதில் சொல்கிறேன்.