பஸ் வராத நாளின் கணக்கு

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடி மாதம். குமணன்சாவடி தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் நான் புள்ளியியல் ஆசிரியை. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் கல்லூரியில் புள்ளியியலுக்கென்று தனிப் படிப்பு கிடையாது. பி.காம்., பி.ஏ. முதல் வருடப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடமாக ஒரே ஒரு தாள், 'புள்ளியியல் அறிமுகம்'. கறிவேப்பிலை கதைதான். தாளிக்கும்போது கட்டாயம் வேண்டும், சாப்பிடும்போது ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பத்தாம் வகுப்போடு கணக்குக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்கள். விட்டது சனியன் என்று கல்லூரிக்குள் நுழைந்தால், சாக்பீஸோடு நான் நிற்பேன். முதல் நாள் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

இந்தத் தாளில் தேறுவதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி என்ன தெரியுமா? கணக்கை மனப்பாடம் செய்வது. சூத்திரத்தை இல்லை, முழுக் கணக்கையும். பழைய கேள்வித்தாளில் வந்த கணக்கை எண்களோடு அப்படியே உருப்போட்டுவிடுவார்கள். அந்த வருடம் முதல் தேர்வில் ஒரு கணக்கின் எண்களை மட்டும் நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன் கேள்வியில் இல்லாத பழைய எண்களைப் போட்டு, அட்டவணை கட்டி, விடையைச் சுற்றி ஸ்கேலால் கட்டமும் போட்டிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். "நான் படிச்ச கணக்குல இந்த நம்பர்தான் மேம்" என்றான், நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வயிறு எரிந்தது. இந்தப் பாடத்திட்டத்தை மாற்றாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நான் ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை எடுத்த கையோடு சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிக்காரர். எட்டிப் பார்த்துவிட்டு, "கல்லுல நார் உரிக்கப் போறியாக்கும்?" என்று கிண்டல் செய்வார். உரித்துத்தான் பார்ப்போமே என்பேன்.

என் திட்டம் இதுதான். முதல் மாதம் சூத்திரமே கிடையாது. பிள்ளைகள் தங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து எண்களைக் கொண்டுவர வேண்டும். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று பேச வேண்டும். எண் அவர்களுடையதாகிவிட்டால் பயம் போய்விடும், அதற்கப்புறம் சூத்திரம் தானாக ஏறும் என்பது என் கணிப்பு.

எங்கள் கணிதத் துறைத்தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல மனிதர். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"ஓடுற வண்டியை எதுக்கும்மா நிறுத்துற? இந்தப் பேப்பர்ல நம்ம பாஸ் பர்சன்டேஜ் எவ்ளோ நல்லா இருக்கு, பாத்தியா?" என்றார்.

தேர்ச்சி விகிதம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அவர் அறைச் சுவரில் வருடா வருடம் அதைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்திருப்பார். ஆனாலும் நான் நகரவில்லை. மேஜை முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார். "சரி, ஒரே ஒரு கிளாஸ் இந்த மாதிரி எடுத்துக் காட்டு. நான் வந்து உக்காந்து பாக்குறேன். சரியா வந்தா பாடத்திட்டக் குழுவுல வைக்கிறேன். இல்லேன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்." அந்த மாதக் கடைசியில் குழு கூடுகிறது. அதை விட்டால் அடுத்த திருத்தம் வருவதற்குள் இந்தப் பிள்ளைகள் டிகிரியே முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆக, எல்லாம் அந்த ஒரு வகுப்பின் கையில்.

என்ன எண்ணைக் கொண்டுவரச் சொல்வது என்று ரொம்ப யோசிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான கஷ்டம் ஒன்று உண்டென்றால் அது பஸ்தான். பூந்தமல்லி, ஐயப்பன்தாங்கல், ஆவடி, நூம்பல் என்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். "இந்த வாரம் முழுக்கக் காலையில பஸ் வர எவ்வளவு நிமிஷம் ஆகுதுன்னு பாத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வகுப்பும் வந்தது. துறைத்தலைவர் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். நான் கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு அதன் கீழே நிமிடங்களை எழுதினேன். ஒவ்வொருவராகத் தங்கள் எண்களைச் சொல்லச் சொல்ல, அந்தந்த நிமிடத்துக்கு மேலே ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனேன். முதலில் தயங்கினார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே, சந்தைதான். "மேம், என்னோடது எட்டு!" "உன்னோடது எட்டா? டேய், நீ டிப்போ பக்கத்துலயே இருக்கே, அப்புறம் இன்னாடா எட்டு?" ஒரே சிரிப்பு. புள்ளிகள் நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கின. "மலை மாதிரி வருது மேம்!" என்று ஒரு பெண் எழுந்தே நின்றுவிட்டாள். நான் சொல்லித்தராமலேயே சராசரியை அவர்களே கண்டுபிடித்தார்கள். பழைய எண்களை ஒப்பித்தானே, அந்த மாணவன்தான் முதலில் விடை சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். துறைத்தலைவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இத்தோடு மணி அடித்திருந்தால் நான் ஜெயித்த கதையாக இதை முடித்திருப்பேன்.

"மூணாவது பெஞ்சுல அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லலையே?" என்றார் அவர்.

நானும் அவளைக் கவனித்திருந்தேன். நூம்பலிலிருந்து வருகிற பெண். எப்போது பார்த்தாலும் முறைத்துக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு முகம். காரியத்தைக் கெடுத்துவிடுவாளோ என்று நைசாகத் தாண்டிப் போயிருந்தேன். இப்போது வேறு வழியில்லை. எழுந்தாள்.

"என்கிட்ட நம்பர் இல்ல சார்."

"ஏம்மா, மேடம் குடுத்த வேலையச் செய்யலியா?"

"செஞ்சேன் சார். தெனமும் ஸ்டாப்புல நின்னுகினுதான் இருந்தேன். பஸ்ஸு வர்ல. வர்ற வரிக்கும் நின்னா ஃபர்ஸ்ட் அவர் பூடும். அதான் ஷேர் ஆட்டோல ஏறி வந்துட்டேன். வராத பஸ்ஸுக்கு நான் இன்னா நம்பர் சொல்றது?"

குரலில் கோபம் இருந்தது. கொடுத்த வேலையைச் செய்தும், செய்யாதவள் என்று பெயர் வாங்குகிற கோபம். நான் வாய் திறப்பதற்குள் முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மேம், எனக்குங்கூட ரெண்டு நாள் வர்ல. அத்த உட்டுட்டேன்" என்றாள். பின்னாலிருந்து ஒருவன், "நானும் உட்டுட்டேன் மேம், வந்த நாளைத்தானே கேட்டீங்க?" என்றான். வரிசையாகக் கைகள் உயர்ந்தன. பஸ் வராத நாட்களை எல்லோருமே கழித்துவிட்டுத்தான் எண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பஸ் வர எவ்வளவு நிமிடம் என்று கேட்டது நான். பஸ் வராமலே போகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்தான் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்குகிறவள் ஆயிற்றே!

கரும்பலகையில் அழகாக நின்ற மலையைப் பார்த்தேன். அத்தனையும் பொய்யாகிவிட்டது. காது சுட்டது. துறைத்தலைவர் சிரித்தார். குத்தலான சிரிப்பில்லை, பரிதாபப்பட்டுச் சிரித்தார். "இதுக்குத்தான் புத்தகத்துக் கணக்கே நல்லதுங்கிறது. அதுல பஸ்ஸு டைமுக்கு வந்துடும்" என்றார். வகுப்பே சிரித்தது.

டஸ்டரை எடுத்தேன். அழித்துவிட்டு, 'சராசரி என்றால் என்ன' என்று பழையபடி எழுதிப்போட்டுவிட்டால் வகுப்பு முடிந்துவிடும். கை பலகை வரை போனது. அங்கேதான் எனக்குள் இருக்கும் அந்தப் பிடிவாதக்காரி முழித்துக்கொண்டாள். அழிக்கமாட்டேன், என்ன ஆனாலும் சரி என்று டஸ்டரைத் திரும்ப மேஜையில் வைத்துவிட்டேன்.

"அப்போ இந்தச் சராசரி யாரோட சராசரி?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் இன்னும் உட்காரவில்லை. "பஸ்ஸு கெடச்சவங்களோடது மேம்" என்றாள். "கெடைக்காதவங்க அதுல இல்ல. போர்டப் பாத்தா எல்லாருக்கும் பஸ்ஸு வந்துட்ட மாதிரிதான் கீது."

"சரியாச் சொன்னே! வேற எங்க இந்த மாதிரி நடக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். நான் எதிர்பார்த்தது கடை, ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு உதாரணம்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க அக்காவும் இந்தக் காலேஜ்தான் மேம். இதே பேப்பர்தான். கணக்குன்னா அதுக்கு உயிரே பூடும். பரீட்சைக்கு மொத நாளு ராவெல்லாம் அழுதுகினு இருந்துச்சு. காலையில வர்லன்னுடுச்சு. அதோட காலேஜுக்கே வர்ல. எழுதியிருந்தாலாவது ஃபெயிலுன்னு ஒரு கணக்குல இருந்திருக்கும். எதுலயும் இல்ல."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. உதாரணம் கேட்டேன், தெரிந்ததைச் சொன்னாள், உட்கார்ந்துவிட்டாள். கடைசி பெஞ்சைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மணி அடித்ததும் துறைத்தலைவர் முதல் ஆளாக எழுந்து போய்விட்டார்.

காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை, அவர் அறைக்கே போனேன். சுவரில் ஒட்டியிருந்த தேர்ச்சி விகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சார், இது எழுதினவங்களை வெச்சுப் போட்டதுதானே?"

"எல்லாக் காலேஜுலயும் அப்படித்தாம்மா போடுறாங்க."

"தெரியும் சார். நானும் இத்தனை வருஷமா இதைப் பாத்துத்தான் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன். ஒரே ஒரு தடவை, சேர்ந்தவங்க எல்லாரையும் வெச்சுப் போட்டுப் பாத்துடலாமா?"

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். போனை எடுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டார். சேர்ந்தவர்கள் எத்தனை, எழுதியவர்கள் எத்தனை என்று வருட வாரியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கணக்குப் போட்டார். அந்த எண்ணை என்னிடம் காட்டவே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "உன் திட்டத்தை எடுத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். மாதக் கடைசி வரை இருவரும் சண்டை போட்டோம். இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கும் ஒட்டுறவுக் கணக்கைத் தொடக்கூடாது என்று அவர் நின்றார், மனப்பாடக் கேள்வி ஒன்றுகூடக் கூடாது என்று நான் நின்றேன். குழுவில் ஒரு பெரியவர், "முதல் யூனிட்ல வரையறையே இல்லையே, இது என்ன பாடத்திட்டம்?" என்று கேட்டபோது நான் எழுவதற்குள் துறைத்தலைவரே எழுந்து பதில் சொன்னார். ஐந்து யூனிட்டில் எனக்குக் கிடைத்தது இரண்டுதான். மீதி மூன்றுக்கு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

குழு ஒப்புக்கொண்ட அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் அக்காவைப் பற்றி விசாரித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாளாம். அவள் போன் நம்பரை வாங்கிப் பேசினேன். இன்னார் பேசுகிறேன், அந்தத் தாளை இன்னும் எழுதலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வா, நான் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன் என்றேன். எதிர்முனையில் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "மேம், என் பேரு இன்னமும் காலேஜ்ல கீதுங்களா?"

இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதெல்லாம் ரிசல்ட் வந்ததும் நான் முதலில் போன் போடுவது தேர்வுக்கே வராமல் போனவர்களுக்குத்தான். எந்தக் கணக்காவது பார்க்க அழகாக வந்துவிட்டால் சந்தோஷத்துக்கு முன்னால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது; அதில் சேராமல் நின்றுபோனவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்கும்வரை என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.