பூசணிக்காய் உட்கார்ந்து பார்த்த சீட்

"பார் இல்லாத வண்டியில குழந்தையை எங்கம்மா உக்கார வைப்பீங்க? உங்க தலையிலயா?"

உறையூர் சைக்கிள் கடைக்காரர் இப்படிக் கேட்டதும் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அங்கே தொங்கிய குழந்தை சீட்டுகள் எல்லாமே ஆண்கள் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் மாட்டுபவை. என்னுடையது லேடீஸ் சைக்கிள்.

எனக்கோ அவசரம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றில் டீச்சர் வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேர வேண்டும். இரண்டு வயது மகளை ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் கணவர் காலை ஷிப்டுக்கு விடியும்போதே கிளம்பிவிடுவார். நான்தான் கூட்டிப் போக வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை.

கேரியரை அளந்து, நோட்டில் படம் வரைந்து, அரியமங்கலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சீட் செய்யக் கொடுத்தேன். அதைச் சைக்கிள் கடைக்காரரே கேரியரில் முடுக்கித் தந்தார்.

"முதல்ல வேற எதையாவது ஏத்திப் பாரு" என்றார் கணவர்.

மகளின் எடைக்கு ஒரு பூசணிக்காய் வாங்கி, துண்டால் கட்டி உட்கார வைத்தேன். முதல் திருப்பத்திலேயே அது பக்கவாட்டில் நழுவி, கடை வாசலில் விழுந்து சிதறியது.

"நல்லதாப் போச்சும்மா! திருஷ்டி கழிஞ்சுது!" என்றார் கடைக்காரர். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாய்மானம் வரைந்தவள், பக்கவாட்டில் கைப்பிடி வரைய மறந்திருந்தேன்.

மறுபடியும் பட்டறைக்குப் போனேன். இரண்டு பக்கமும் கைப்பிடி, கால் வைக்கத் தகடு, கால் சக்கரத்துக்குள் போகாமல் ஒரு தடுப்பு. கணவரின் பழைய பெல்ட்டை இடுப்புக்கு வைத்தேன். இரண்டாவது பூசணிக்காய் தென்னூர் வரை போய் அசையாமல் திரும்பியது. மதியம் அதையே மோர்க்குழம்பு வைத்தேன்.

திங்கட்கிழமை காவிரிப் பாலத்தில் காற்று முந்தானையை இழுத்தது. "அம்மா, தண்ணி! எவ்ளோ தண்ணி!" என்று மகள் பின்னாலிருந்து தகட்டை உதைத்தாள். பஸ் ஜன்னல்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் மணியடித்துக்கொண்டே போனேன்.

மாலையில் திரும்பும்போது கடைக்காரர் சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "டீச்சரம்மா, அடுத்து மோட்டார் வண்டிதான் போல!"

ஆறு மாதம் கழித்து ஒரு மொபெட்டுக்கு என் பெயரிலேயே முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டேன். ஷோரூமில் நின்றிருந்த வண்டியின் கேரியரை அளந்து நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறேன்.