விரல் வைக்காத மஞ்சள் நீர்

இவ்வூரில் ஆற்றைத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆம்பூருக்கு வந்து ஆறாண்டுகள் ஆகியும் அந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை. ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான்; ஆறென்றால் புத்தகத்தில் படித்த பெருவெள்ளம். இங்கோ பாலாறு கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மணலாய்க் கிடக்கிறது. பெண்கள் முழங்காலிட்டுச் சிரட்டையால் மணலை அள்ள, குழியின் அடியில் நீர் கசிந்து கலங்கிப் பின் தெளிகிறது. தோல் பதனிடும் தொட்டிகளில் ஊறும் ஆவாரம்பட்டையின் மணம் அதன்மேல் மூட்டமாய் மிதக்கும். மாலை வெயிலில் பார்த்தால், விழித்திருக்கிறோமா உறங்குகிறோமா என்றே தெரியாது.

இங்குள்ள வணிகர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்தேன். முதல் நாள் வண்டிக்காரன் என் பேச்சைக் கேட்டு, “சார் மலையாளமா?” என்றான். “தமிழ்!” என்றேன், சற்றுக் கடுமையாக. “அப்டீன்னா ரொம்ப நாளு மலையாளத்துல இருந்துட்டீங்களா?” என்று இரக்கத்தோடு கேட்டான். இம்மக்களுக்கு நான் அந்நியனாக இருந்தது ஒருவகையில் எனக்கு வசதியாயிற்று. நான் மறைத்துக் காக்க வேண்டிய ஒன்று இருந்தது.

எங்கள் மகள் பூரணம் எங்களுக்குப் பிறந்தவளல்லள். மணமாகிப் பதினான்கு ஆண்டுகள் பிள்ளையில்லாதிருந்தோம். என் மனைவியின் தூரத்து உறவினள் ஒருத்தி, பிள்ளை பெற்ற பத்தாம் நாள் இறந்தாள்; அக்குழந்தையை எடுத்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்து வாசகர்களே, நமது நாட்டு வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஊரார் கூடியிருக்க, செம்பில் மஞ்சள் நீர் வைத்து, உடன்பிறந்தார் சம்மதத்துக்கு அடையாளமாக அதில் விரல் தோய்க்க, அந்நீரைப் பிள்ளை எடுப்போர் குடிக்க வேண்டும். என் தம்பி தோய்த்தான்; தங்கை தோய்த்தாள். அண்ணர் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். “ஆரோ பெத்த பிள்ளைக்கு நான் விரல் வைக்கமாட்டன். நீ குடிக்கிறதெண்டால் குடி” என்றார். குடித்தேன். ஒரு மாதத்துக்குள் கடல் கடந்தோம்.

ஆம்பூரில் எவரிடமும் இதைச் சொல்லவில்லை. கல்லூரியில் கற்றவன், நல்ல குடும்பத்தவன் என்ற பெயரோடு வாழ்ந்தேன். குழந்தை எங்களுடையதா என்று எவரும் வினவ இடந்தரவில்லை. ஆறாண்டுகளுக்குப் பின் இப்போது அண்ணரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் மகளுக்குக் கல்யாணம். “பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா” என்று கடைசியில் ஒரு வரி. அது அன்பா, ஆணையா என்று பலமுறை வாசித்தும் விளங்கவில்லை. என் மனைவிக்கு வேறு கவலை.

“பந்தலுக்குள்ளை கால் வைக்க முன்னம் ஆரும் பிள்ளைக்குச் சொல்லிப் போடுவினம். நீங்கள் சொல்லுங்கோ. உங்கடை வாயாலை கேக்கட்டும்.”

ஒரு மாலை பூரணத்தை ஆற்று மணலுக்கு அழைத்துச் சென்றேன். மேடைப் பேச்சுக்கு ஆயத்தம் செய்வதுபோல் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். “மகளே, ஒரு பிள்ளை ஒரு குடும்பத்துக்கு வந்து சேரும் வழிகள் பல” என்று தொடங்கினேன்.

“இன்னா ஐயா, பாடம் நடத்துற மாதிரி பேசுறீங்க?”

வாக்கியங்கள் சிதறின. பெற்ற தாய் இறந்ததையும், செம்பையும், மஞ்சள் நீரையும் வெறுமனே சொன்னேன். அவள் மணலில் குழி பறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னைப் பெத்த அம்மா அழகா இருப்பாங்களா?”

“இருப்பார். உன் கண்கள் அவருடையவை.”

“அந்தத் தண்ணியில எல்லாரும் வெரல் வெச்சாங்களா?”

பொய் சொல்லிவிடலாமென ஒரு கணம் நினைத்தேன். “பெரியப்பா வைக்கவில்லை.”

“இன்னாத்துக்கு?”

“அவருக்கு உன்னைத் தெரியாது.”

“சுபேதாம்மாவுக்குத் தெரியுமே. அவங்க வெச்சாங்களா?”

சுபேதா பீவி எங்கள் அடுத்த வீட்டுத் தோல் வணிகரின் மனைவி. “அவர் அங்கே எப்படி இருப்பார்?” என்றேன்.

“அவங்கதான எனக்குப் பாலு குடுத்தாங்க? எனக்கு ஒரு பக்கம், அவங்க புள்ள கரீமுக்கு ஒரு பக்கம். அதனால அவன் எனக்கு அண்ணனாம். நாங்க கண்ணாலம் கட்டிக்கவே கூடாதாம். நல்லதாப் போச்சு, ரொம்ப அடிக்கிறான்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வீடு சேர்ந்ததும் மனைவியைக் கேட்டேன். அவள் தலை குனியவில்லை.

“இஞ்சை வந்த முதல் கிழமை, குடுத்த பசுப்பாலை முழுக்கச் சத்தி எடுத்துக் கக்கிப்போட்டுது. பிள்ளை சாகக் கிடந்தது. நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு கொண்டு போனனான். உங்களுக்குச் சொன்னால் விட்டிருப்பியளோ?”

விட்டிருக்க மாட்டேன். பிறர் வீட்டுத் தண்ணீரும் தொடாத குடும்பம் என்று பெருமை பேசிய வாய் என்னுடையது. அந்தப் பெருமைக்கு அவள் செவிசாய்த்திருந்தால் இன்று என் கையைப் பிடித்து நடக்க ஒரு பிள்ளை இருந்திருக்காது. இதைப் படித்து ஊரில் சிலர் முகம் சுளிப்பார்கள்; சுளிக்கட்டும்.

மறுநாள் அடுத்த வீட்டு வாசலில், கணவர் அருகிருக்க, திரைக்கு இப்பால் நின்று நன்றி சொன்னேன். குழந்தை எங்களுக்கு வந்த விதத்தையும் சொல்லத் தொடங்கினேன். திரைக்கு அப்பால் சிரிப்பொலி கேட்டது.

“மாஸ்டர் சாப், அம்மா கையில கொழந்த, மார்ல பாலு இல்ல. ஒரு பொம்பளைக்கு இது புரியாதா? மொத நாளே தெரியும்.”

“எவரிடமாவது…”

“எதுக்குச் சொல்றது? எங்கள்ல பால் உறவத்தான் எல்லாருக்கும் சொல்லி வெப்போம். மத்தது உங்க பேஜாரு.”

ஆறாண்டுகள் நான் காவல் நின்ற கதவுக்குச் சுவரே இருந்ததில்லை.

நாளை புறப்படுகிறோம். இன்று காலை பூரணம் தான் தோண்டிய குழியிலிருந்து ஒரு செம்பு நீர் கொண்டுவந்து, மஞ்சளைக் கரைக்கச் சொன்னாள். கரைத்துக் கொடுத்தேன். அவளே செம்பை ஏந்திச் சென்று அடுத்த வீட்டுத் திரைக்குக் கீழே நீட்டினாள். மருதாணி மங்கிய கையொன்று வெளியே வந்து, ஒரு விரலை நீரில் தோய்த்து, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே மறைந்தது. கன்னத்தில் மஞ்சள் பொட்டொன்று நின்றது. என் மனைவி குடித்தாள். நானும் குடித்தேன்.

“மீதியக் கொட்டாதீங்க ஐயா. பெரியப்பாவுக்கு.”

அந்நீர் இப்போது ஒரு போத்தலில் இருக்கிறது. அதை என் சால்வைகளுக்கிடையே பெட்டியில் வைத்தேன். கடலில் கப்பல் ஆடினால் உடைந்துவிடும் என்று பூரணம் அதை வெளியே எடுத்துவிட்டாள். அண்ணரின் வாசலில் அதை நீட்ட என் கை எழுமா என்பது எனக்குத் தெரியாது. ஊர் சேரும்வரை மடியிலேயே வைத்திருக்கப் போவதாக அவள் சொல்லுகிறாள்.