புகைக்கூண்டும் முறுக்குவால் பூனையும்

என் அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்று சிறுவயதில் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை, அவர்தான் பொறுப்பு. புலாவ் செபாங் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் போகும் தூரத்தில், ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். வாசலில் பாம்பு வந்தால் மற்ற வீட்டு ஆண்கள் கம்பைத் தேடுவார்கள். அப்பா மாமாவைத் தேடுவார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடு சாப்பிட்டுக்கொண்டு எங்களையே கேலி செய்துகொண்டு இருந்தவர். கோயிலில் தேங்காய் உடைக்கச் சொன்னாலும் அப்பா அதை மாமா கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பின் லயத்துப் பெரியவர் இறந்தபோது தோள் கொடுக்கப் போகாமல் தூரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். இது போதாதென்று தாடி வேறு வளர்த்திருந்தார். முகத்தில் சவரக்கத்தி படுவதற்குக்கூட மனிதருக்குப் பயம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அம்மா அப்போது நிறைமாதம். மனைவி சுமந்துகொண்டிருக்கும்போது புருஷன் முடி எடுக்கக்கூடாது, தேங்காய் பூசணி உடைக்கக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, எந்த உயிரையும் கொல்லக்கூடாது, செய்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. லயத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை என்னிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவின் வயிறு எனக்குத் தெரியும், அப்பாவின் தாடியும் தெரியும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பூனை வந்தது. சாம்பல் நிறத்தில் வரிவரியாக, வால் நுனி முறுக்கிக்கொண்ட பூனை. அந்தப் பக்கத்து மலாய்க் கிராமமான கம்போங்கில் பூனைகளுக்கெல்லாம் வால் அப்படித்தான். எந்த வீட்டிலும் ஒட்டாமல் லயம் லயமாகச் சுற்றிவிட்டு எங்கள் அடுப்படிக்குப் பின்னால் வந்து உட்காரும். மற்ற பெண்கள் விளக்குமாற்றை எடுத்தார்கள். அம்மா கருவாட்டுத் தலையை எடுத்துப் போட்டாள். “அதுவும் வாயும் வயிறுமா இருக்குடி, வெரட்டாத” என்று அவர்களில் ஒருத்தியிடம் சொன்னாள். விலைவாசி தெரிந்த அப்பா அதைப் பார்த்தும் தடுக்கவில்லை.

ஒருநாள் பூனை வயிறு ஒட்டிப்போய் வந்தது. மடி மட்டும் தொங்கியது. குட்டி போட்டுவிட்டது என்று அம்மா சொன்னதுமே எனக்கு வேறு வேலை ஓடவில்லை. விறகுக் கட்டுகளுக்கு அடியில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்துத் தொட்டில்களில், கோயில் பின்புறம், மாட்டுக் கொட்டகைப் பரண் மேல் என்று தேடாத இடமில்லை. பூனையின் பின்னாலேயே போவேன். அது நான் வருவதைத் தெரிந்துகொண்டு பாதி வழியில் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டிருக்கும். எனக்குப் பொறுமை போய் நான் திரும்பியதும் மாயமாகிவிடும். எந்தத் திசையில் போகிறது என்பது மட்டும் தெரிந்தது. புகைக்கூண்டு இருக்கும் பக்கம்தான் போயிற்று.

புகைக்கூண்டு அப்பாவின் பொறுப்பில் இருந்தது. கீழே மண்தரையில் பெரிய அடுப்பு, அதற்கு மேலே இடைவெளி விட்ட பலகைத் தளம், அதற்கும் மேலே அடுக்கடுக்காக மூங்கில் கழிகள். பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டிய ரப்பர் ஷீட்டுகளை அந்தக் கழிகளில் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். ரப்பர் விலை விழுந்த நாளிலிருந்து அது குளிர்ந்துபோய்க் கிடந்தது. தோட்டத்தில் பாதிப் பேரைக் கப்பல் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மீதிப் பேர் அரை வேலை பார்த்துக்கொண்டு, அடுத்த கப்பல் நமக்கோ என்று பயந்துகொண்டிருந்தோம். விலை கொஞ்சம் ஏறி, மறுபடியும் புகை போடலாம் என்று துரை உத்தரவு கொடுத்தபோது லயத்துக்கே உயிர் வந்தது.

அடுப்பு மூட்டும் நாளன்று காலையிலிருந்தே அப்பா அங்கேதான் இருந்தார். தரையைக் கூட்டினார், கழிகளைத் துடைத்தார். பலகைச் சுவரில் அங்கங்கே இற்றுப்போன ஓட்டைகள் இருந்தன. புகை வெளியே போனால் ஷீட்டு கெட்டுவிடும். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஒவ்வோர் ஓட்டைக்கும் ஆணி அடித்தார். அம்மா வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். பூனைக்கும் அன்று விருந்துதான். எங்கள் அடுப்படியில் அது நிதானமாகத் தின்றுகொண்டிருந்த நேரத்தில் அங்கே கடைசித் தகரத்துக்கு ஆணி இறங்கிக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் கங்காணி வந்தார். கோயில் பண்டாரம் சூடம் காட்ட, மாமா பூசணிக்காயை உடைக்க, அப்பா தள்ளி நின்று கும்பிட்டார். பிறகு அடுப்பில் நெருப்பு வைத்து, பச்சை விறகை அடுக்கிக் கதவைச் சாத்தினார். கூரை இடுக்கில் முதல் புகை எழும்பியதும் பெண்கள் குலவை போட்டார்கள். இந்த நெருப்பு அணையக்கூடாது என்று கங்காணி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நாள் பார்த்து வைத்த நெருப்பு அணைந்தால் தோட்டத்துக்கே ஆகாதாம். துரையும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான் என்பதுபோல எல்லாரும் தலையாட்டினோம்.

கூட்டம் கலைந்தபோது பூனை வந்தது. நேரே புகைக்கூண்டின் பின்பக்கம் போனது. நானும் போனேன். புதிதாக அடித்த தகரத்தின் முன்னால் நின்று அதை முகர்ந்தது. முன்னங்காலால் பிறாண்டியது. சுற்றி ஓடி அடுத்த தகரத்துக்குப் போனது, மறுபடியும் முதல் தகரத்துக்கே வந்தது. அப்புறம் கத்தத் தொடங்கியது. கருவாட்டுக்குக் கத்தும் கத்தல் எனக்குத் தெரியும். இது அது இல்லை. ஓடிப்போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, குட்டிகள் உள்ளேதான் இருக்கின்றன என்று சொன்னேன்.

அப்பா முதலில் நம்பவில்லை. காலையில்தானே கூட்டினேன், ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ என்றார். மேலே கழிகளுக்கு மேல் பார்த்தீர்களா என்று கேட்டேன். மேல் அடுக்கின் மூலையில் பழைய சாக்குகள் கிடந்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பின்பக்கம் போய்ப் பூனையைப் பார்த்தார். அதன் நகம் பட்டுத் தகரம் கிறீச்சென்றது. தான் அடித்த ஆணிகளையே பார்த்துக்கொண்டு அவர் நின்றார். தாடிக்கு மேலே அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

மாமா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “பூனைதான்லா மச்சான். இதுக்குப் போயி நெருப்ப அணைப்பாங்களா? கங்காணி தோல உரிச்சிருவாரு” என்றார்.

அப்பா அவரை ஏறிட்டுப் பார்த்தார். “உங்கக்கா வீட்ல இருக்காடா” என்றார். அவ்வளவுதான். மாமாவின் சிரிப்பு நின்றுபோனது. பூனையைப் பற்றிப் பேசும்போது அம்மா எதற்கு வருகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அப்பா கதவைத் திறந்தார். புகை மொத்தமாக வெளியே வந்து எங்கள் மேல் கவிழ்ந்தது. நீண்ட இரும்புக் கொக்கியால் எரியும் கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார், மாமா தண்ணீர் ஊற்றினார். கங்காணி எங்கிருந்தோ ஓடிவந்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். பயந்தாங்கொள்ளி என்று நான் நினைத்திருந்த அப்பா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைத்துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் கால்களுக்கு இடையில் புகுந்து பூனையும் போனது. உள்ளே இருமும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. வெளியே தூக்கிப் போட்ட கட்டைகள் சீறிக்கொண்டிருந்தன. நான் மாமாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமா அப்பாவைக் கூப்பிட்டார்.

முதலில் வந்தது பூனைதான். வாயில் ஒரு குட்டி. கண் திறக்காத, என் உள்ளங்கை அளவுகூட இல்லாத குட்டி. காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதை ஈரப் புல்லில் போட்டுவிட்டு மறுபடியும் உள்ளே ஓடி இன்னொன்றைக் கொண்டு வந்தது. அதுவும் கத்தியது. பின்னாலேயே அப்பா கண்ணெல்லாம் சிவந்து, எச்சில் ஒழுக, குனிந்தபடி வந்தார். மாமா “ரெண்டும் பொழச்சிருச்சு மச்சான்” என்று அவர் முதுகைத் தட்டினார். கங்காணிகூடக் கொஞ்ச நேரம் திட்டுவதை நிறுத்தினார்.

பூனை மட்டும் மூன்றாவது தடவையும் உள்ளே போனது, வாயில் ஒன்றுமில்லாமல் வந்தது, திரும்பவும் போனது. அப்பா அதைப் பார்த்தார். நெருப்புத் துண்டு ஏதும் கிடக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவரும் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் கட்டியிருந்த துண்டு கையில் சுருண்டிருந்தது. யாரையும் பார்க்காமல் பின்பக்க ஓடையை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கரையில் கையால் மண்ணைத் தோண்டினார். துண்டைப் பிரித்தபோது முறுக்கிக்கொண்ட சின்ன வால் ஒன்று தெரிந்தது. மண்ணை மூடிவிட்டுத் திரும்பியபோதுதான் நான் நிற்பதைப் பார்த்தார்.

பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பேன் என்று என்னைப் பலமுறை மிரட்டியவர் அவர். இப்போது என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு குட்டி. அம்மா கேட்டா ரெண்டுன்னு சொல்லணும், புள்ள. ரெண்டும் உசுரோட இருக்கு. என்னா?” என்றார்.

நான் தலையாட்டினேன். துரைக்குப் பயந்துதான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நாங்கள் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. அம்மா வாசற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள், எத்தனை குட்டி என்று. இரண்டு என்றேன். இரண்டுமா என்று இழுத்தாள். இரண்டும் உயிரோடு இருக்கிறது, ஒன்று என் விரலைச் சூப்பியது என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு அப்பாவுக்குக் குளிக்கத் தண்ணீர் எடுத்துவைக்கப் போனாள். நெருப்பை அணைத்ததற்காகத் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி மறுநாளே அப்பாவைப் புகைக்கூண்டிலிருந்து நீக்கிப் புல் வெட்ட அனுப்பினார். வழக்கமாக ஒரு சட்டி உடைந்தாலே நாள் முழுக்கப் பேசும் அம்மா, இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

பூனை குட்டிகளை எங்கள் விறகுக் கட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் புகைக்கூண்டு வரை போய்ச் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டு, லயத்துக்கு வந்தும் கத்தியது. இப்போது அதைக் கண்டாலே அப்பா கல்லை எடுத்தார். நெருப்பையே இழுத்துப் போட்டுக் காப்பாற்றியவர், கத்தியதற்காகக் கல்லெறிகிறார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அவர் வேலைக்குப் போன பிறகு அம்மா மெல்ல நடந்து போய்ப் பூனைக்குச் சோற்றில் மீனைப் பிசைந்து வைப்பாள். அது தின்னாமல் கத்தும். அம்மா ஒரு கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதன் முதுகைத் தடவிக்கொடுப்பாள்.

“தேடுது, பாவம்” என்றாள் ஒருநாள். “நான் இப்பிடிச் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிறாத. பயந்துருவாரு.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் தனித்தனியே ரகசியம் காப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும் அப்போது அம்மா வயிற்றில் இருந்த தம்பிக்கும் நடுவே ஒரு குழந்தை பிறந்து, குரலே எழுப்பாமல் போய்விட்டது என்பது நான் கல்யாணமாகிப் போகும் நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியவர்கள் பூனை விஷயத்தில் நிலையாக ஒரு முடிவுக்கு வரமாட்டார்கள் என்பதுதான்.

அம்மாவுக்கு வலி கண்டது ஒரு காலை நேரம். மருத்துவச்சியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் உள்ளே போனார்கள், எங்களை வெளியே தள்ளினார்கள். மாமா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சுருட்டாகப் பிடித்துத் தள்ளினார். அப்பா உட்காரவே இல்லை. வெயில் ஏறி, லயத்துத் தண்ணீர்க் குழாயில் கூட்டம் சேர்ந்த பிறகு, உள்ளே தம்பி கத்தினான். சாதாரணக் கத்தல் இல்லை. குழாயடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், கோழிகள் ஒதுங்கின. மருத்துவச்சி ஈரக் கையோடு வெளியே வந்து, ஆம்பளப் புள்ள, தாயும் புள்ளையும் சுகம் என்று சொன்னாள்.

அப்பா அவள் முன்னால் கைகட்டி நின்றார். அவர் முகமெல்லாம் கண்ணீராக இருந்தது.

“அழுதுச்சாம்மா?” என்று கேட்டார்.

மருத்துவச்சி அவரை அதிசயமாகப் பார்த்தாள். தம்பி இன்னும் கத்திக்கொண்டேதான் இருந்தான். லயத்தின் கடைசி வீடு வரை கேட்ட சத்தம், கதவுக்கு நேரே நின்றவருக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போயிற்று என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.