மூன்று தப்பு நம்பர்

பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, தெருவில் ‘பூட்டு’ என்றால்தான் ஆளைத் தெரியும். கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். வீட்டைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்த்து, பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுக்கிற ரகம். “கடைக்கு ஷட்டர் போடுறீங்க, டொமைனை, அதான் வெப்சைட் விலாசத்தை, திறந்து போட்டா எப்படி? கடைப் பேரையே ஒருத்தன் தூக்கிட்டுப் போயிடுவான்” என்று வாடிக்கையாளர் உயிரை வாங்குவான்.

அவனுக்கென்று ஒரு வெப்சைட் இருந்தது. அக்கா புருஷன் ஒரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்ததில் நசுங்கிச் செத்தார். துருப்பிடித்த கம்பி, மண் கலந்த சிமெண்டு, கட்டிய காண்ட்ராக்டர் முகம், எல்லாம் படமாக அதில் இருந்தன. அடுத்த வாரம் கோர்ட்டில் அதைத்தான் திறந்து பார்க்கப் போகிறார்கள். டொமைன் காண்ட்ராக்டர் பேருக்கு மாறிவிட்டால் அந்த விலாசத்தில் அந்த ஆள் வைத்ததுதான் சட்டம், படமெல்லாம் போய்விடும்.

அதனால் பாஸ்வேர்டு அவனிடம், கணக்கைத் திறக்க அதற்கு மேல் கேட்கிற நம்பர் அக்கா போனுக்கு வரும். “நானே கேட்டாலும் போன்ல சொல்லாதே. அழுதாலும் சொல்லாதே. தப்பா மூணு நம்பர் சொல்லு, கணக்கு முடங்கிடும். அப்புறம் நான் நேர்ல போய் நின்னாதான் திறப்பாங்க” என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான்.

“நீ அழுது நான் பாக்காததா?” என்று சிரித்தாள் அக்கா.

காண்ட்ராக்டர் ஆட்கள் இரண்டு பேர் பட்டப்பகலில்தான் வந்தார்கள். கதவைச் சாத்திய மொட்டைத் தலையன் கேள்வி கேட்காமலே அவன் முகத்தை மேஜையில் மோதினான். பல் ஒன்று கீபோர்டில் விழுந்தது. இரண்டாவது மோதலில் பாஸ்வேர்டு வந்துவிட்டது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது சும்மாவா?

அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

“அக்கா, ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு.”

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். பிறகு ஒரு நம்பர் சொன்னாள். தப்பு என்றது திரை. கூட வந்தவன் குறட்டால் அவன் சுண்டுவிரலைப் பிடித்து முறித்தான். அவன் போட்ட கூச்சல் அக்காவுக்கும் கேட்டது.

“சரியா சொல்லு அக்கா. விரலை உடைக்கிறாங்க. நான் சொன்னதெல்லாம் மறந்துடு.”

நிஜமாகவே கெஞ்சினான். மாமாவும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம், வலி நின்றால் போதும். அவள் இன்னொரு நம்பர் சொன்னாள். அதுவும் தப்பு. அடுத்த விரல் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது.

மூன்றாவது நம்பருக்குக் காத்திருக்கும்போது குறட்டுக்காரன் இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். குறடு இருக்கக் கத்தி எதற்கென்று பூட்டுக்கு விளங்கவில்லை. அக்கா அழுதுகொண்டே சொன்னாள். மொட்டைத் தலையன் அதைத் தட்டினான்.

“கணக்கு முடங்கிடுச்சாம். இவன் நேர்ல வரணுமாம்” என்று படித்தான்.

குறட்டுக்காரன் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தியை இடுப்பில் செருகினான். விலாவில் ஓர் உதை விட்டுவிட்டுப் போனார்கள். போனில் கூச்சலைக் கேட்டு, தையல் கடையில் அக்காவோடு வேலை செய்யும் பெண்கள் கத்தரிக்கோலோடு மாடி ஏறியபோது அவன் ரத்தத்தில் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் அக்கா சோறு பிசைந்து நீட்டினாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

“மாமா படம்தான் உனக்குப் பெருசு. என் கை போனா என்ன?”

“படமா?” என்றாள். நீட்டிய சோற்றைக் கீழே வைக்கவில்லை. “பட்டப்பகல்ல வந்தவனுங்க, அவனுங்க முகத்தை நீ பாத்திருப்பே. நம்பரைக் குடுத்துட்டா அப்புறம் நீ எதுக்குடா அவனுங்களுக்கு?”

கணக்கு முடங்கியதும் கத்தி இடுப்புக்குத் திரும்பிப் போனது அவனுக்கு ஞாபகம் வந்தது. திரும்பி, பல் போன வாயைச் சோற்றுக்குத் திறந்தான்.