நைனா கொண்டுவந்த காக்கா ஆழி

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு முதுகெலும்பில்லாத பிராணிகளைப் பற்றிய பாடம் வந்தது. கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள் என்று பெயர்களெல்லாம் ஏதோ பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி இருக்கும். பக்கத்தைப் புரட்டினால் இறால், நண்டு, கணவாய். எல்லாம் எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியில் கிடப்பவைதான். எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு இதைப் படம் போட்டு வேறு விளக்க வேண்டுமா என்று எனக்கு அலட்சியம்.

பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு பிராணி கொண்டுவரச் சொன்ன அறிவியல் டீச்சர், இறாலும் நண்டும் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார். போன வருஷம் அவை தலைமையாசிரியர் அறை வரைக்கும் மணந்தனவாம். புத்தகத்தில் இல்லாத ஒன்றை யார் கொண்டுவருவீர்கள் என்று கேட்டார். வீட்டில் ஒரு மியூசியமே வைத்திருப்பவள் போல நான் கையைத் தூக்கிவிட்டேன்.

என் நைனா ஆற்றில் வலை கட்டி இறால் பிடிப்பவர். நல்ல இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாதல்லவா, அதனால் ஊரில் முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு வரும் நாளை யாரும் விட மாட்டார்கள், காய்ச்சலோடு போனவர்கள்கூட உண்டு. அன்று விழும் இறாலை நம்பித்தான் அடுத்த பாடு வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்த வருஷம் நைனாவின் வலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்புச் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. காக்கா ஆழி என்றார்கள். புத்தகத்தில் தேடினேன், இல்லை. எனக்கு அது போதாதா! தினமும் நைனாவின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றிரண்டு போதாது, கொத்தாக வேண்டும் என்று நச்சரித்தேன். அந்தச் சனியனைப் போய்க் கேட்கிறாயே என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். ஒரு வேளை சோற்றைத் தள்ளிவைத்தும் பார்த்தேன், பலிக்கவில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள்தான் எங்கள் பாடு. அம்மா அன்னக்கூடையும் ஐஸுமாக வாசலிலேயே நின்றாள். நைனா வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து சாக்கைக் கவிழ்த்தார். கலகலவென்று கறுப்பாகக் குவிந்தது, அத்தனையும் காக்கா ஆழி.

“இன்னாய்யா இது? எறா எங்க?” என்றாள் அம்மா.

நைனா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “பாப்பா கேட்டுகினே இருந்திச்சில்ல. அதான் இத்தயே வாரிக்கினு வந்துட்டேன்.”

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரிய சண்டை வரும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் என்னைக்கூடத் திட்டவில்லை. அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நைனாவின் கையெல்லாம், காலெல்லாம் சிப்பி கிழித்த கோடுகள். எனக்காகப் பட்ட காயம் என்று பெருமையாகத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.

மறுநாள் டீச்சருக்குக் கொள்ளைச் சந்தோஷம். அது மெல்லுடலி வகை, இந்த ஊர்ப் பிராணியே அல்ல, கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்றார். நூல் மாதிரி எதையோ விட்டு ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதை எல்லோருக்கும் காட்டினார், செல்போனில் படமும் எடுத்தார். எனக்கு முதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உங்கள் அப்பாக்கள் கேக் வாங்கித் தருவார்கள், என் நைனா எனக்காகப் பாட்டையே விட்டுக் கொடுத்தார் என்று.

அது டீச்சர் காதில் விழுந்திருக்கிறது. கூப்பிட்டு, நேற்று இறால் கொஞ்சமாவது கிடைத்ததா என்று கேட்டார்.

“ஒண்ணுகூடப் புடிக்கல மிஸ். எல்லாம் எனக்காக.”

டீச்சர் என் தலையைத் தடவினார். பரிசு வாங்கிய பிள்ளையைத் தடவிக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பாட்டை நைனா எடுக்கவில்லை. கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். யூனிபார்ம் போட்ட நைனாவைப் பார்த்து அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

இறால் சேற்றுக்குள் புதைந்து வாழும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அந்தச் சேற்றின் மேல் காக்கா ஆழி பாய் விரித்தது போல மூடிக்கொண்டால் இறால் எங்கே போகும் என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பாடு வந்த அன்று வலையில் வேறு எதுவுமே விழவில்லை. இறால் இல்லாமல் வீட்டு வாசலை மிதிக்க நைனாவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணம் நான்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.